முதல் முறை கவுன்சலிங் போறீங்களா? உள்ளே என்ன நடக்கும்னு தெரிஞ்சுக்கோங்க!

ராத்திரி ரெண்டு மணி. தூத்துக்குடியே தூங்கிடுச்சு, நீங்க மட்டும் முழிச்சிருக்கீங்க. போனில் 'பக்கத்தில் கவுன்சலர்' என்று டைப் செய்கிறீர்கள். அடுத்த நொடியே அழித்தும் விடுகிறீர்கள்.

தயக்கத்துக்குக் காரணம் தெரிந்ததுதான். சாயங்காலம் ரோச் பூங்கா பக்கம் ஒரு நடை போனாலே நாலு தெரிஞ்ச முகம் எதிரே வரும் ஊர் இது. 'யாராவது பார்த்து வீட்ல சொல்லிட்டா?' அதோடு, 'உள்ளே போய் என்னத்தைப் பேசுறது?' என்ற குழப்பம் வேறு. ரெண்டையும் பார்த்துடலாம்.

யார்கிட்ட போகணும்?

சைக்யாட்ரிஸ்ட் என்பவர் மனநல மருத்துவர். மாத்திரை எழுதித் தருபவர் இவர். க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட், பேச்சு வழியான சிகிச்சையும் உளவியல் பரிசோதனைகளும் செய்வார்; இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். கவுன்சலர் உங்கள் பிரச்னையைக் கேட்டு, அதைக் கையாள வழிகாட்டுவார். 'என்ன படிச்சிருக்கீங்க, எத்தனை வருஷ அனுபவம்?' என்று முதலிலேயே கேட்கலாம். தப்பே இல்லை.

முதல் நாள் என்ன நடக்கும்?

பொதுவாக 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். தூக்கம், பசி, வேலை, குடும்பம், உடல்நிலை பற்றிய கேள்விகள்தான் முதலில் வரும். சினிமாவில் வர்ற மாதிரி சோபாவில் படுக்கச் சொல்ல மாட்டார்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதுதான். எல்லாவற்றையும் அன்றைக்கே கொட்டிவிட வேண்டியதில்லை. 'இதை இப்போ பேச வேண்டாம்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியலைன்னா, அதையே முதல் வரியாகச் சொல்லுங்கள். அழுகை வந்தா அழுங்க. அவங்களுக்கு அது புதுசு இல்லை.

முத்துக்குளித்த நம்ம ஊருக்கு ஒரு விஷயம் நல்லாவே தெரியும். அந்தக் காலத்தில் குளியாள் கடலுக்குள் இறங்கும்போது, படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். இறங்குவது என்னவோ குளியாள்தான். மேலே கயிறு பிடிக்க ஆள் இருக்கிற தைரியத்தில் இறங்குவார். கவுன்சலரும் அப்படித்தான். 'வேலையை விடு', 'கல்யாணம் பண்ணிக்கோ' என்று உங்களுக்காக அவர் முடிவெடுக்க மாட்டார்.

சொன்னது வெளியே போகுமா?

சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தைக் காப்பதை அவருடைய உரிமையாகவே சொல்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. உங்கள் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில சூழல்களில் விதிவிலக்கு உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தாலும் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவித்தாக வேண்டும். 'என் அப்பா, அம்மா கேட்டா என்ன சொல்வீங்க?' என்று முதல் நாளே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் இது இன்னும் முக்கியம்.

அப்புறம்?

வெளியே வந்ததும் சிலருக்கு லேசாக இருக்கும், சிலருக்கு அசதியாக இருக்கும். ரெண்டுமே சகஜம். முடிந்தால் அன்றைக்கு வேறு பெரிய வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே நாளில் மாற்றம் தெரியாது. மூணு, நாலு முறை போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒட்டலைன்னா வேறு ஆளை மாற்றலாம். டெய்லர் சரியில்லைன்னா மாத்துறோம்ல, அதே மாதிரிதான். ஆனால், எடுத்த எடுப்பிலேயே அட்வைஸ் மழை பொழிந்தாலோ, உங்களைக் குற்றவாளி மாதிரி பேசினாலோ நாலு முறை வரை காத்திருக்க வேண்டாம்.

எங்கே தொடங்குவது?

செலவுக்குப் பயப்பட வேண்டாம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமா? 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவைக்கு 14416-ல் பேசலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுடலாம்னு எண்ணம் வந்தால் அப்பாயின்மென்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே இந்த எண்ணையோ, 104-ஐயோ கூப்பிடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

அடுத்த முறை ராத்திரி ரெண்டு மணிக்கு டைப் செய்ததை அழிக்காதீங்க. விடிஞ்சதும் ஒரு போன் போடுங்க. விடியும்வரை தாங்காதுன்னா, அப்பவே போடுங்க.