கொழும்பிலிருந்து ஒரு மணி நேரம்: இலங்கை விமான நிறுவனத்தின் கதை

இலங்கையின் முதல் தேசிய விமான நிறுவனமான ஏர் சிலோன், நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பே பறக்கத் தொடங்கிவிட்டது. 1947 டிசம்பர் 10 அன்று கொழும்பை அடுத்த இரத்மலானையில் கிளம்பிய டக்கோட்டா விமானம், காங்கேசன்துறையில் இறங்கி, பிறகு சென்னைக்கு வந்தது. அன்று கையிருப்பில் இருந்தவை மூன்றே டக்கோட்டாக்கள். சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி என்று அவற்றுக்குப் பெயர்.

நெடுந்தூர விமானங்களை வாங்கி ஓட்டும் வசதி சிறு நாட்டுக்கு இல்லை. அதனால் லண்டனுக்கும் சிட்னிக்கும் பறக்க 1949இல் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் துணைக்கு வந்தது. அதன்பின் டச்சு கே.எல்.எம்., 1962இல் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி., எழுபதுகளில் பிரான்சின் யு.டி.ஏ. எனக் கூட்டாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1978 செப்டம்பரில் இரத்மலானையில் நின்ற ஏர் சிலோனின் ஆவ்ரோ விமானம் குண்டுவெடிப்பில் அழிந்தது. மறு ஆண்டே நிறுவனமும் மறைந்தது.

அதன் இடத்தில் வந்த ஏர் லங்கா, 1979 செப்டம்பர் 1 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்சிடம் பெற்ற இரண்டு போயிங் 707 விமானங்களுடன் தொடங்கியது. உள்நாட்டுப் போர் அதையும் விடவில்லை. 1986 மே 3 அன்று மாலேக்குப் புறப்படவிருந்த டிரைஸ்டார் விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தனர். 1998இல் எமிரேட்ஸ் பங்குதாரராகி நிர்வாகத்தை ஏற்றது. அடுத்த ஆண்டு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் என்று பெயர் மாறியது. 2001 ஜூலை 24 அன்று கட்டுநாயக்க விமான நிலையத்தை விடுதலைப் புலிகள் தாக்கியதில் நிறுவனத்தின் பெரிய ஏர்பஸ்கள் மூன்று எரிந்தன. இத்தனைக்குப் பிறகும் நிறுவனம் எழுந்து நின்றது பெரிய காரியம். எமிரேட்ஸின் நிர்வாக ஒப்பந்தம் 2008இல் முடிந்தது.

இந்த நிறுவனத்தின் உயிர்நாடி தென்னிந்தியாதான். சென்னை, திருச்சி, மதுரை, திருவனந்தபுரம், கொச்சி ஆகிய ஊர்களிலிருந்து ஒரு மணி நேரம், சற்றுக் கூடினால் ஒன்றரை மணி நேரத்தில் கொழும்பு. அங்கே விமானம் மாறி வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் மெல்போர்னுக்கும் போகலாம். சிறிய ஏர்பஸ்கள் பக்கத்து ஊர்களில் ஆள் சேர்த்துக் கொடுக்காவிட்டால் பெரிய ஏர்பஸ்களின் இருக்கைகள் நிரம்பா. கேரளத்தின் மூணாறு, பீர்மேடு, குமுளித் தமிழர்களுக்குக் கொச்சியும் மதுரையும் இந்தப் பயணத்துக்கு வாசல். பாலக்காட்டு எல்லையில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை மக்களுக்குப் பக்கம் கோவை. ஆனால் அங்கே 2017இல் தொடங்கிய கொழும்புச் சேவை நிலைக்கவில்லை. அது திரும்ப வரவேண்டும்.

2022 பொருளாதார நெருக்கடியில் கொழும்பில் விமான எரிபொருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு பறந்தன. கேரளம் அன்று செய்தது சிறிய உதவியல்ல.

கடன் சுமையால் நிறுவனத்தை விற்க அரசு முயன்றது; கைகூடவில்லை. 2024இல் பதவியேற்ற புதிய அரசு அதைத் தன்னிடமே வைத்துச் சீரமைக்க முடிவு செய்தது.