நோயுற்ற மருத்துவரும் நோயறியும் கண்ணும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் மக்கள் வழங்கும் முதுமொழி. பிறர் துயரை உணராதவரை இடித்துரைக்க எழுந்த இச்சொல், மருத்துவரை நோக்கிக் கூறப்படும்போது வேறொரு பொருளையும் தருகின்றது. மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நான்காகப் பகுத்துக் காட்டினார் வள்ளுவர். இவற்றுள் முதலிரண்டும் ஒருவரிடத்திலேயே வந்தமைந்தால் யாது நிகழும்? கிரேக்கப் பேரறிஞர் பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலில், இளமை முதலே கலையைக் கற்பதோடு எல்லா நோய்களையும் தாமே பட்டறிந்தவரே சிறந்த மருத்துவராவர் என்னும் கருத்தை எடுத்துரைக்கின்றார். எல்லா நோய்களையும் பட்டவர் பிறகு மருத்துவம் பார்க்க எஞ்சியிருப்பாரா என வினவத் தோன்றினும், அக்கருத்து முற்றிலும் தள்ளத்தக்கதன்று.

நம் மாநிலத்திலேயே அதற்குச் சான்று உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ஆம் ஆண்டு நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழ் இயக்கமும் உணர்வும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, டாக்டர் பால் பிராண்டு அவர்களின் வழிகாட்டுதலில், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்யக் கற்றார். தொழுநோயாளியின் கையில் உணர்வில்லை. மருத்துவரின் காலிலும் உணர்வில்லை. வலி உணராத உடற்பகுதியில் புண் எவ்வாறு ஓசையின்றித் தோன்றி ஆழமாகும் என்பதை அவருக்கு ஏடு சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் என்பாரிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தெடுத்தார். 1966-இல் அங்கு உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது.

மேரி வர்கீசின் நோய் கண்ணுக்குத் தெரிந்த நோய். அதைக் கண்டறிய எவரும் மயங்க வேண்டியதில்லை. மறைந்து வளரும் அரிய கட்டியொன்று மருத்துவரையே பற்றினால் அவர் அதனை அறிந்துகொள்வாரா என்பதே நாம் ஆராயப் புகும் பொருள். இதற்குரிய நிகழ்ச்சி இங்கிலாந்து நாட்டில் உண்டு.

லண்டன் மாநகரின் செயின்ட் பார்த்தலோமியோ மருத்துவமனையோடு தொடர்புடையவர் டாக்டர் லியோனார்டு மார்க். மருத்துவ ஓவியம் தீட்டுவதிலும் வல்லவர். நோயுற்ற உடலின் வடிவ மாறுதல்களைக் கூர்ந்து நோக்கி வரைதலே அவர்தம் பணிகளுள் ஒன்று. அவருக்கு இளமைப் பருவத்திலேயே அக்ரோமெகலி என்னும் நோய் தொடங்கிவிட்டது. ஆயினும் ஐம்பது வயதை ஒட்டியே அவர் அதனை அறிந்தார். பிற மருத்துவர் சிலர் அவருடைய முகத்தைக் கண்டதுமே நோயை உணர்ந்திருந்தனர். அவரோ தலைவலியையும் சோர்வையும் தனித்தனித் துன்பங்களாகக் கருதிப் பொறுத்திருந்தார். நாள்தோறும் கண்ணாடியில் பார்த்த முகம் அவர் கண்ணுக்குத் தப்பியது! உண்மை தெரிந்த பின்னர், தம் பட்டறிவை ஒளியாமல் எழுதி 1912-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அந்நோயை வெளியிலிருந்து மட்டுமே கண்டு எழுதிவந்த மருத்துவ உலகிற்கு, உள்ளிருந்து அது எவ்வாறு உணரப்படுகிறது என்பதை ஒரு மருத்துவரே எடுத்துக்கூறிய அரிய நூல் அது.

அந்நோய் யாது? மூளையின் அடியில், துருக்கியரின் குதிரைச் சேணம் போன்ற எலும்புக் குழியில், பட்டாணி அளவில் அமைந்தது பிட்யூட்டரிச் சுரப்பி. அதில் கட்டி தோன்றி வளர்ச்சி இயக்குநீரை அளவின்றிச் சுரப்பதே நோயின் காரணம். இக்கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அன்று. குழந்தைப் பருவத்தில் தோன்றினால் உடல் அளவுக்கு மீறி உயரும். வளர்ந்தவர்க்குத் தோன்றினாலோ உயரம் கூடுவதில்லை; கை, கால், தாடை, மூக்கு, நாக்கு ஆகியவை பருக்கின்றன. 1886-ஆம் ஆண்டு பாரிஸ் நகர மருத்துவர் பியர் மாரி இதற்குப் பெயரிட்டார். ‘உறுப்பு முனைகளின் பெருக்கம்’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். உருவம் மாறிய இந்நோயாளிகளைக் கேலிப் பொருளாக்கிய கொடுமையும் உண்டு. அதனைக் கண்டித்து 1927-இல் அமெரிக்காவின் ‘டைம்’ இதழுக்கு மடல் எழுதியவர் புகழ்பெற்ற மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மார்க்கின் வரலாற்றிலிருந்து நாம் பெறுவது ஒன்று. இந்நோயை மறைப்பது அதன் மெதுவான வளர்ச்சியே. நாள்தோறும் உடனிருப்போர் மாற்றத்தைக் காண்பதில்லை. பல்லாண்டு கழித்து அயல்நாட்டிலிருந்து திரும்பும் உறவினர் வாசலிலேயே கண்டுவிடுகிறார். ஆகவே, நோயாளி சொல்வதைக் கேட்பதோடு நில்லாமல், அவர் சொல்லத் தோன்றாதவற்றை மருத்துவர் வினவுதல் வேண்டும். மோதிரம் இறுகுகிறதா? செருப்பின் அளவு கூடிற்றா? பல்லிடைவெளி அகன்றதா? குரல் தடித்ததா? திருமணத்தின்போது எடுத்த புகைப்படத்தைக் கொண்டுவர இயலுமா? பழைய படத்தையும் இன்றைய முகத்தையும் ஒப்பிடுதல் இன்றும் மருத்துவர் கைக்கொள்ளும் முறையாகும்.

வினவுதலின் அருமையை பாரசீக மருத்துவ மேதை அர்ராஸி (பிறப்பு 865) ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணர்த்தியுள்ளார். அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்னும் நோயாளிக்குக் காய்ச்சல் ஒழுங்கின்றி மாறிமாறி வந்தது. சிறுநீரில் சீழ் வெளிப்பட்ட பின்னரே அது சிறுநீரகப் புண் எனத் தெளிவாயிற்று. இடுப்பில் பாரமாக இருந்ததா என முன்னரே கேட்காது விட்டதை அர்ராஸி மறைக்காமல் ஏட்டில் குறித்துவைத்தார். தாம் நோயுறாமலேயே, தம் பிழையைக்கொண்டு அடுத்த நோயாளிக்கு உதவும் வழி அது.

தம் நோய் மருத்துவருக்கு எப்போதும் துணையாகும் என்று கொள்ளுதலும் தவறு. தமக்கு வந்த நோயையே வருவோர் அனைவரிடத்தும் காண்பவரும் உளர். பட்டறிவு கேள்வியை எழுப்பலாம். விடையைச் சோதனையே தரவேண்டும்.

இனி நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இவ்விரு மாவட்டங்களிலும் ஏறத்தாழ 52 லட்சம் மக்கள் உளர். பத்து லட்சம் பேரில் 40 முதல் 70 பேர்க்கு இந்நோய் இருக்கலாம் என்பது உலக அளவில் வழங்கும் மதிப்பீடு. ஏட்டுக்கணக்காகப் பார்த்தாலும் இங்கு இருநூறு பேர்க்குக் குறையாமல் இருத்தல் கூடும். அவர்கள் எங்கே? ஒருவர் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்கிறார். ஒருவர் இரத்தக் கொதிப்புக்கு. ஒருவர் மூட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறார். இவை யாவும் இக்கட்டியின் விளைவாகவும் வரக்கூடும். தொடங்கியபின் நோய் கண்டறியப்படப் பலருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் ஆகின்றன.

லாரித் தொழிலால் வாழும் நாமக்கல் வட்டாரத்துக்கு இது பிறரினும் மிகுதியாக வேண்டிய செய்தி. கட்டி பெருத்து மேலுள்ள பார்வை நரம்புகளை அழுத்தினால், நேர்ப்பார்வை கெடாமலே இரு பக்கப் பார்வையும் சுருங்கும். அத்தகைய ஓட்டுநர் எழுத்துப் பலகையை முழுவதும் படித்துவிடுவார். பக்கத்தில் முந்திவரும் இருசக்கர வண்டியைக் காணமாட்டார். நாக்கும் தொண்டையும் தடிப்பதால் உறக்கத்தில் மூச்சுத் தடைப்பட்டு, பெருங்குறட்டையும் பகலில் தூக்கக் கலக்கமும் உண்டாகும். இரவெல்லாம் வண்டி ஓட்டுபவரின் கலக்கத்தை அவருடைய தொழிலின் மேல் சுமத்திவிடுதல் எளிது. பெண்களிடத்தில் முதற்குறியைக் காட்டுவது கால்விரல் மெட்டியாகவும் இருக்கலாம். அது இறுகியதும் மருத்துவரை நாடுவோர் எத்தனை பேர்? பெரிதாக்கித் தருமாறு கேட்டு ஆசாரியிடம் செல்வதே நம் வழக்கம்.

ஐயம் எழுந்தால் சோதனை கடினமானதன்று. ஐ.ஜி.எஃப்-1 என்னும் பொருளின் அளவை இரத்தத்தில் காண்பர். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கலந்த நீரைப் பருகச்செய்து வளர்ச்சி இயக்குநீரை அளப்பர். நலமுடையார்க்கு அது தாழும், இந்நோயாளிக்குத் தாழாது. எம்.ஆர்.ஐ. படம் கட்டியைக் காட்டிவிடும். சேலத்தில் 1986 முதலும் நாமக்கல்லில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளமையால், முதல் ஐயத்தைச் சொல்ல நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

மண்டையோட்டைத் திறவாமல் மூக்கின் வழியே சென்று கட்டியை அகற்றும் அறுவையே முதன்மையான மருத்துவம். எஞ்சியதை அடக்க ஊசி மருந்தும் கதிர்வீச்சும் உண்டு. சுரப்பு அடங்கியதும் தசையின் வீக்கம் சில வாரங்களிலேயே வடியத் தொடங்கி, இறுகிய மோதிரம் தளர்ந்து கழல்வதும் உண்டு. வளர்ந்துவிட்ட தாடையெலும்பு மட்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.