கேபிள் அறுந்த செய்தி ரவுட்டருக்கு எப்படிப் போகுது?

போன எபிசோட்ல லிங்க்-ஸ்டேட் ரவுட்டிங் பற்றி மேலோட்டமா பார்த்தோம். ஒவ்வொரு ரவுட்டரும் தன் பக்கத்துல யார் இருக்காங்கன்னு ஒரு குறிப்பு எழுதி எல்லாருக்கும் அனுப்பும். அந்தக் குறிப்புக்குப் பெயர் எல்எஸ்ஏ. எல்லாக் குறிப்பையும் சேர்த்தால் ஒரு மேப். அதுல டைக்ஸ்ட்ரா அல்காரிதத்தை ஓட்டி, செலவு கம்மியான பாதையை எடுத்துக்கும். இன்னைக்கு அந்தக் குறிப்பைப் பிரிச்சுப் பார்ப்போம். நான் எடுத்துக்கிறது ஓஎஸ்பிஎஃப் வெர்ஷன் 2. ஜான் மாய் எழுதி 1998-ல் வெளியான ஆர்எஃப்சி 2328 தான் இதுக்கு அடிப்படை.

உதாரணத்துக்கு மரக்காணம் போவோம். ஈசிஆர்ல பாண்டி போறவங்களுக்குத் தெரியும், ரோட்டோரமா உப்பளங்கள் இருக்கிற ஊர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தப்போ இந்தக் கரையோரம்தான் அடி வாங்கியது. இங்கே நாலு ரவுட்டர் இருக்கிறதா கற்பனை செய்வோம்: சென்னை, மரக்காணம், புதுச்சேரி, திண்டிவனம். ஈசிஆர் வழியா ஒவ்வொரு லிங்க்குக்கும் செலவு 10. திண்டிவனம் வழியா ஒவ்வொன்றுக்கும் 15.

மரக்காணம்–புதுச்சேரி லிங்க்ல ரெண்டு முனை மட்டும்தான். அதனாலதான் பாயிண்ட்-டு-பாயிண்ட். இந்த ஒரு லிங்க்குக்கு மரக்காணம் ரவுட்டர் ரெண்டு வரி எழுதும்.

முதல் வரி: "என் பக்கத்து ரவுட்டர் 3.3.3.3, என் முனையோட முகவரி 10.0.0.1, செலவு 10." 3.3.3.3 என்பது புதுச்சேரியோட ரவுட்டர் ஐடி. இது மேப்ல கோடு போடுறதுக்கு.

ரெண்டாவது வரி: "10.0.0.0/30 என்ற நெட்வொர்க் என்கிட்ட இருக்கு, செலவு 10." இதுக்கு ஸ்டப் என்று பெயர். முகவரியைத் தேடி வர்றவங்களுக்கானது இது.

ஏன் ரெண்டு? ஏன்னா ரெண்டுக்கும் நிபந்தனை வேற. பக்கத்து ரவுட்டரோட உறவு 'ஃபுல்' நிலையில இருந்தால்தான் முதல் வரி வரும். ரெண்டாவது வரிக்கு இன்டர்ஃபேஸ் உயிரோட இருந்தாலே போதும்.

இப்போ புயல்ல ஃபைபர் அறுந்துடுச்சு. ஆனா ரவுட்டருக்கும் அறுந்த இடத்துக்கும் நடுவுல வேற ஒரு கருவி இருக்கு. அதனால ரவுட்டரோட போர்ட் இன்னும் 'அப்'. வழக்கமான அமைப்புல 10 நொடிக்கு ஒரு ஹலோ போகும். 40 நொடி வரைக்கும் எதுவும் வரலைன்னா உறவு முடிஞ்சது. முதல் வரி போயிடும், ஸ்டப் வரி அப்படியே நிற்கும்.

இங்கதான் ராத்திரி டியூட்டியில இருக்கிறவங்க ஏமாந்து போவாங்க. சென்னையிலிருந்து 10.0.0.1-க்கு பிங் போட்டால் மரக்காணம் பதில் சொல்லும். "லிங்க் நல்லா இருக்கு"ன்னு டிக்கெட்டை மூடிடலாம்னு தோணும். ஆனா 10.0.0.2-க்கு போட்டால் பதில் வராது. புதுச்சேரியும் அதே ஸ்டப்பை அறிவிக்குது, ஆனா சென்னைக்கு அது 40. மரக்காணம் வழியா 20 தான். அதனால பேக்கெட் மரக்காணம் வந்து அறுந்த முனையில செத்துடும். அதே நேரத்துல 3.3.3.3 முகவரி புதுச்சேரி ரவுட்டரோட லூப்பேக்ல இருந்தால், அது திண்டிவனம் வழியா பதில் சொல்லும்! அதனால பிங்கை நம்புறதுக்கு முன்னாடி, பக்கத்து ரவுட்டர் நிலை 'ஃபுல்'லான்னு பாருங்க.

இன்னொரு விஷயம். ஃபைபர்ல ஒரு இழை மட்டும் அறுந்தால்? மரக்காணத்துக்குப் புதுச்சேரி பேசுறது கேட்குது, புதுச்சேரிக்கு எதுவும் கேட்கலை. புதுச்சேரி தன் வரியை எடுத்ததுமே, மரக்காணத்தோட வரி இன்னும் இருந்தாலும் யாரும் அந்தக் கோட்டைக் கணக்குல எடுக்க மாட்டாங்க. நிச்சயதார்த்தம் மாதிரி: ரெண்டு வீடும் சரின்னு சொன்னாத்தான் தட்டு மாத்துவாங்க.

40 நொடின்னா சின்னதா தெரியும். புயல் ராத்திரியில ஒருத்தர் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணும்போது அது பெரிய நேரம். அதைச் சில நூறு மில்லி நொடிக்குள்ள கொண்டு வர்ற நுட்பத்துக்குப் பெயர் பிஎஃப்டி. அடுத்த எபிசோட் அதைப் பற்றித்தான்.