தீபாவளிக் கிடாய்

இரண்டாம் உலக மகாயுத்தத்தோடு இங்கிலாந்தில் வந்த இறைச்சிக் கட்டுப்பாடு 1954ஆம் ஆண்டு ஜூலை மாதம் வரையில் நீடித்தமையால், அக்காலத்தில் பிள்ளைகளாயிருந்தோர் பலர், தடித்த மாட்டிறைச்சித் துண்டை நெருப்பில் வாட்டி உண்ணும் ‘ஸ்டேக்’ என்னும் உணவை விசேஷ தினங்களுக்கே உரிய போஜனமாகக் கருதி வளர்ந்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கோ அது எந்நாளும் கடையில் வாங்கத்தக்க பண்டங்களுள் ஒன்று. பெரும்பாலோர் சைவர்களாயுள்ள, இலங்கையின் வன்னியிலே மாட்டிறைச்சிக்கு அந்த ஸ்தானம் வாய்த்ததில்லை. தலைமுறைகளுக்கிடையே விசேஷ உணவின் மதிப்பு மாறிற்றா என்று இங்கே விசாரிப்பதானால், தீபாவளிக் கிடாயைக் குறித்தே விசாரிக்க வேண்டும்.

செவ்வாயும் வெள்ளியும் மச்சம் விலக்கி, வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலை முன்னிட்டுச் சட்டி பானைகளைக்கூட மாற்றி, ஆண்டின் கணிசமான பகுதியை விரதத்திலே கழிக்கும் குடும்பங்களில், இறைச்சி சமைக்கும் நாள் தானாகவே ஒரு தனி நாளாகிவிடுகிறது. அதிலும் தீபாவளியானது, ஐப்பசி அமாவாசையோடு நிறைவெய்தும் கேதாரகௌரி விரதத்தையும், அதன் மறுநாள் தொடங்கும் கந்தசஷ்டியின் ஆறு நாள் விரதத்தையும் ஒட்டி வருவதாகலின், காப்புக் கட்டிய தாய் ஓர் அடுப்பில் விரதச் சமையல் செய்ய, முற்றத்தில் கல் வைத்து மூட்டிய மற்றோர் அடுப்பில் இறைச்சிக் கறி கொதிக்கும் காட்சியை ஒரே வளவுக்குள் காணலாம்.

ஆயினும், கிடாய்க்கு மதிப்பைத் தந்தது அதன் அருமை ஒன்றே என்று சொல்ல நான் உடன்படேன். முழுக் கிடாயை ஒரு குடும்பம் ஒரே நாளில் உண்டு தீர்க்க இயலாது; குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஊரில் அதனைப் பச்சை இறைச்சியாக மறுநாளைக்கு வைத்திருக்கவும் இயலாது. ஆகவே எட்டுப் பத்து வீட்டார் முன்கூட்டியே பேசிப் பணம் சேர்த்து ஒரு கிடாயை வாங்குவர். பொழுது புலரும் வேளையில், மரக்கொப்பில் தூக்கிக் கட்டி உரித்து, இறைச்சியை வெட்டிப் பனையோலைப் பாயிலோ வாழையிலையிலோ கூறுகளாகக் குவிப்பர். ஈரல் ஒரு கூறிற் கூடிவிடாமலும், வெறும் எலும்பு ஒருவர் தலையில் விழாமலும், கொழுப்பும் குடலும் எல்லாக் கூறுக்கும் ஒத்துச் சேருமாறும் ஒரு முதியவர் குந்தியிருந்து, இதிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதிலே வைத்து, மறுபடி பார்த்து, மறுபடி மாற்றி வைக்கும் அந்த நிதானத்தில் ஊரின் நியாய உணர்ச்சி முழுவதும் அடங்கியிருக்கும். பங்கிறைச்சி தேக்கிலைப் பொதியாக வீடு வந்து சேர்ந்ததும், வறுத்து இடித்த கறித்தூளும் பெருஞ்சீரகமும் ஏலம் கராம்பு கறுவா சேர்ந்த இறைச்சிச் சரக்கும் இட்டுத் தேங்காய்ப்பாலில் வற்ற வைக்க, பத்து வீட்டு முற்றத்திலும் ஒரே நேரத்தில் ஒரே வாசனை எழும்.

பாட்டன்மார் காலத்தில் காடும் இறைச்சி தந்தது. மரையும் மானும் பன்றியும் வீட்டுக்கு வந்தன. மிஞ்சியது உப்பிட்டு வெயிலில் உலர்த்திய வத்தலாயிற்று. 1937ஆம் ஆண்டிலே தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. மானையும் மரையையும் கொல்வது இன்று குற்றம், அவ்வாறிருப்பதே தகும்.

அடுத்த தலைமுறையின் கதை வேறு. 1990ஆம் ஆண்டினை அடுத்துப் பல்லாண்டு நீடித்த பொருளாதாரத் தடையின்போது எரிபொருளும் சவர்க்காரமும் மின்கலமும் கிடைப்பது அரிதாயிருந்த வன்னியில், ஆடும் கோழியும் வளவிலே வளர்ந்தமையால் தீபாவளிப் பங்கு எவ்வாறோ நடந்தேறியது. யுத்தத்தின் இறுதிக் கட்டமான 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களிலோ சனங்கள் மந்தைகளைக் கைவிட்டுக் கரையோரமாக ஒதுங்கி, அரிசியை நீரிலே கொதிக்க வைத்த கஞ்சியால் உயிர் தரித்தனர். அந்நாட்களின் நினைவாக ஆண்டுதோறும் மே மாதத்தில் ‘முள்ளிவாய்க்கால் கஞ்சி’ என்று அதனைக் காய்ச்சி வீதியோரங்களில் வழங்குகின்றனர். விலையுயர்ந்த பண்டமே விசேஷ உணவாகும் என்னும் எண்ணம் இக்கஞ்சியின் முன் நிற்காது. அதுவும் பலர் கூடி ஒரே பானையிலிருந்து பெறும் உணவே.

இன்றைய இளைஞருக்கு இறைச்சி அரிய பொருளன்று. யுத்தம் முடிந்து மின்சாரம் வந்ததும் குளிர்சாதனப் பெட்டிகள் வந்தன; ஏ-9 வீதியின் இருமருங்கிலும் கொத்துரொட்டிக் கடைகள் எழுந்தன; புரொய்லர் கோழி ஒரு வீட்டுக்கு வேண்டிய அளவிலேயே வெட்டிக் கிடைக்கிறது. பகிர வேண்டிய அவசியம் அங்கே இல்லை. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியபோது அக்கோழியும் பல வீடுகளுக்கு எட்டாததாயிற்று என்பது உண்மையே. ஆனால், அருமையான பொருளாகிவிட்டதனால் மட்டும் அது பண்டிகை உணவாகவில்லை. வாங்க முடிந்தவர் தம் வீட்டுக்குள்ளே சமைத்து உண்டனர்.

கிடாய்ப் பங்கு இன்னமும் வழக்கொழியவில்லை. பேச்சு மாத்திரம் வேலிக்கரையிலிருந்து கைத்தொலைபேசிக்கு மாறியிருக்கிறது. ஆனால் இவ்வழக்கத்தைப் பற்றிப் பேசுவோர் உண்பவரைக் குறித்தே பேசுகின்றனர், வளர்ப்பவரை மறந்துவிடுகின்றனர். மீள்குடியேற்றத்தின் பின்னர் வாழ்வாதார உதவியாக ஆடு பெற்ற குடும்பங்களுள் கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்குபவை அநேகம். குட்டியாயிருந்ததை வேலிக்கிளுவையும் கிளிசறியாக் குழையும் ஒடித்துப் போட்டு வளர்த்து, விலை ஏறும் ஐப்பசி வரையில் விற்காமற் பொறுத்திருந்து, வந்த பணத்தை அடுத்த தவணையிற் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் ஒதுக்கும் அத்தகைய தாய்க்குக் கிடாயின் விலையோடு ஒரு பங்கு இறைச்சியும் சேர்த்துக் கொடுப்பதைப் பங்குகாரர் தீபாவளி தோறும் ஒரு முறையாகவே கொள்வாராயின், அப்பந்தியில் அவளுக்கும் இடமுண்டாகும்.