பாடத் தேர்வு: தகுதியா, விருப்பமா?

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும், நம் தூத்துக்குடி வட்டாரத்து வீடுகளில் ஒரே கேள்விதான் எழுகிறது. "இந்த மார்க்குக்கு என்ன கிடைக்கும்?" என்பதே அது. "இந்தப் பிள்ளைக்கு மனம் எதில் செல்கிறது?" என்று கேட்போர் மிகச் சிலரே. முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் இரண்டாவது கேள்வியே வேண்டியதில்லை எனப் பெற்றோரும் உற்றாரும், ஏன், மாணவரும்கூட எண்ணிவிடுகின்றனர். ஆனால் இவை இரண்டும் வேறு வேறான கேள்விகள். ஒன்றன் விடை மற்றொன்றுக்கு விடையாகாது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தகுதி இரு வகைப்படும்

ஒரு படிப்பில் சேர்வதற்குரிய தகுதி என்று நாம் சொல்வதில் இரண்டு வகை கலந்து கிடக்கின்றன. அவற்றை முதலில் பிரித்தறிதல் வேண்டும்.

முதல் வகை, தொழிலின் இயல்பிலிருந்தே பிறப்பது. 1974-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நம் துறைமுகத்திற்கு இரவில் வரும் கப்பலைப் பாருங்கள். அதன் இடப் பக்கத்தில் சிவப்பு விளக்கும் வலப் பக்கத்தில் பச்சை விளக்கும் எரியும். எதிரே வரும் கப்பலின் விளக்கைக் கண்டுதான் அது எத்திசையில் செல்கிறது என்பதை மாலுமி அறிந்துகொள்கிறான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையவன் கப்பல் தளத்து அதிகாரியாக முடியாது. அவனுக்கு எவ்வளவு ஆவல் இருந்தாலும் இவ்விதியைத் தளர்த்துதல் தகாது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படியாதவரை பி.எஸ்ஸி. கணிதத்தில் சேர்ப்பதில்லை என்பதும் இத்தகைய விதியே. இவ்விதிகளை நாம் மதித்தாக வேண்டும்.

இரண்டாம் வகை, வரிசையிலிருந்து பிறப்பது. இடங்கள் குறைவு, கேட்போர் மிகுதி. எனவே மதிப்பெண்ணை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். அரசு கலைக் கல்லூரிகளில் மொழிப் பாடங்கள் நீங்கலான நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தர வரிசை வகுக்கப்படுகிறது. தமிழ் இலக்கியம், ஆங்கில இலக்கியம் ஆகியவற்றிற்கு அந்தந்த மொழிப் பாடத்தின் மதிப்பெண்ணே கணக்கு. பொறியியற் கல்விக்குக் கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என 200-க்குக் கணக்கிடுகின்றனர். வரிசையில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்தான் 'கட் ஆஃப்' என்று ஊரெல்லாம் பேசப்படுவது. அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாறுவது பாடமன்று, அதைக் கேட்டு வந்த கூட்டமே மாறுகிறது.

திறவாத சிப்பியின் ஏலம்

நம் கடற்கரையின் பழைய முத்துக் குளிப்பை நினைத்துப் பார்த்தால் இவ்வுண்மை எளிதில் விளங்கும். குளியாளிகள் கல்லைக் கட்டி மூழ்கிப் பாரிலிருந்து அள்ளி வந்த சிப்பிகளில் அவர்கள் பங்கு போக, அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து ஏலம் விடுவார்கள். அவை அனைத்தும் திறவாத சிப்பிகள்! உள்ளே முத்து உண்டா, இல்லையா, உண்டெனில் எத்தரத்தது என்பது கேட்பவனுக்கும் தெரியாது, விற்பவனுக்கும் தெரியாது. முந்திய நாளில் எவருக்கோ நல்ல முத்துக் கிடைத்ததாம் என்ற பேச்சு பரவினால் மறுநாள் விலை ஏறும். கிடைக்கவில்லை என்றால் இறங்கும். விலை, கூட்டத்தின் எண்ணத்தைக் காட்டியதேயன்றிச் சிப்பியின் உள்ளிருப்பைக் காட்டவில்லை.

இன்றைய கட் ஆஃப் மதிப்பெண்ணும் ஏறத்தாழ அத்தகையதே. ஒரு பாடத்தை எத்தனை பேர் நாடினர் என்பதை அது சொல்லும். அப்பாடம் நமக்கு ஏற்றதா என்பதை அது சொல்லாது. "இவ்வளவு மார்க் எடுத்துவிட்டு இந்தப் பாடத்திலா சேர்வது?" என்று உறவினர் அங்கலாய்ப்பதும், "இந்த மார்க்குக்கு இது கிடைத்ததே பெரிது" என்று வேறொருவர் ஆறுதல் கூறுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இருவரும் ஏல விலையை வைத்தே முத்தை மதிப்பிடுகின்றனர்.

தூத்துக்குடிக் கரையில் இயற்கை முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்று போயிற்று. பார்களில் சிப்பி வளம் குன்றியதால் கரை காத்துக்கிடந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1973 ஜூலையில், தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். சிப்பி ஓட்டிலிருந்து கடைந்த சிறு மணி ஒன்றையும் மற்றொரு சிப்பியின் மேலுறைத் தசையின் சிறு துண்டையும் உயிருள்ள சிப்பியின் உடலுக்குள் நுட்பமாக வைத்துவிட்டால், அம்மணியைச் சுற்றி முத்துப் படலம் படிகிறது. 1981-இல் முத்துச் சிப்பிக் குஞ்சுகளையே ஆய்வுக்கூடத்தில் பொரிக்கச் செய்யும் முறையும் தூத்துக்குடியில் கைகூடியது. சிப்பியின் உடலமைப்பையும் இனப்பெருக்கத்தையும் பொறுமையாகக் கற்ற உயிரியல் அறிவின் பயனே இது. விண்ணப்பப் படிவத்தில் பலர் இரண்டாம் இடத்திலோ மூன்றாம் இடத்திலோ எழுதி வைக்கும் விலங்கியல் பாடத்தின் உள்ளே இத்தனையும் இருக்கிறது.

பதினைந்து வயதில் ஒரு முடிவு

விருப்பத்தைப் பற்றிப் பேசும்போது, அது எப்போது கேட்கப்படுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முன்னாளில் பதினோராம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்தது. மாணவர் கல்லூரிக்கு வந்து, புகுமுக வகுப்பில்தான் எந்தப் பிரிவில் படிப்பது என்று முடிவு செய்தனர். 1978-ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி தமிழகத்தில் வந்தபின், அந்த முடிவு பள்ளிக்கே சென்றுவிட்டது. பத்தாம் வகுப்பு முடித்த பதினைந்து வயதுப் பிள்ளை எந்தக் 'குரூப்' எடுக்கிறதோ, அதுவே பின்னர்த் திறக்கும் கதவுகளையும் மூடும் கதவுகளையும் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. கிராமப் பள்ளிகள் சிலவற்றில் எல்லாப் பிரிவுகளும் இருப்பதில்லை. உள்ளூரில் எந்தப் பிரிவு உண்டோ அதில் பிள்ளையைச் சேர்க்கிறார்கள்.

இதன் விளைவை நம் ஊரிலேயே காணலாம். 1977-ஆம் ஆண்டிலேயே தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி தோன்றிவிட்டது. கச்சான் காற்று எப்போது எழும், கொண்டல் எப்போது வீசும், எந்த நீரோட்டத்தில் எந்த மீன் வரும் என்பதைத் தந்தையோடு வள்ளத்தில் சென்றே கற்ற பிள்ளைக்கு அக்கல்லூரியை விடப் பொருத்தமான இடம் எது? ஆயினும் அவன் மேல்நிலையில் வணிகவியல் பிரிவை எடுத்திருந்தால் மீன்வள அறிவியல் பட்டப் படிப்பில் அவனுக்கு இடமில்லை; உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். இவ்விதியில் குறை காண முடியாது. அந்த அடிப்படை இன்றி அப்படிப்பைத் தொடர இயலாது. குறை, அவ்விதியை அப்பிள்ளைக்கு உரிய காலத்தில் எவரும் எடுத்துச் சொல்லாததில் இருக்கிறது. விருப்பம் இருந்தும் வழி தெரியாமையால் இழக்கும் இழப்பு இது.

இரு பெரியோர் வாழ்வு

இந்த வழி தெரியாமை பெரியோரையும் விட்டுவைக்கவில்லை. நம் மன்னார் வளைகுடாவின் வடகோடியில் உள்ள இராமேசுவரத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து 1954-இல் பட்டம் பெற்றார். இயற்பியல் தமக்குரிய துறையன்று என்பதை அப்படிப்பின் இறுதியில்தான் உணர்ந்ததாகவும், வேறு வகை உயர்கல்வி உண்டு என்பதே முன்பு தமக்குத் தெரியாது என்றும் அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். பின்னர் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேரப் பணமில்லாதபோது அவருடைய தமக்கை தம் பொன் நகைகளை அடகு வைத்து உதவினார். அக்கல்லூரியில் காட்சிக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள் அவர் மனத்தை இழுத்தன. மற்ற மாணவர் விடுதிக்குச் சென்றபின்னும் அவற்றின் அருகே அமர்ந்திருப்பாராம். விமானப் பொறியியலை அவர் தேர்ந்தது அவ்வாறுதான். விருப்பம் என்பது பாடத்தின் பெயரைக் கேட்டு வருவதன்று, பொருளோடு பழகி வருவது என்பதற்கு இது சான்று.

விருப்பம் ஒன்றே போதும் என்று இதனால் கொள்ளலாகாது. கணித மேதை இராமானுசன் 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் அவ்வுதவித்தொகையை இழந்தார். பின்னர் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். பட்டம் இல்லாத அவருக்கு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. விதி அவருக்காக வளைந்து கொடுத்தது; ஆனால் அதற்கு முன் அவர் பட்ட வறுமை சிறிதன்று. எல்லார்க்கும் விதி அவ்வாறு வளையாது. ஆகவே விருப்பமுள்ளவன் விதிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். விருப்பமில்லாத துணைப்பாடத்திலும் தேறிவிடல் வேண்டும்.

விருப்பத்தை அளந்தறிவது எப்படி?

விருப்பம் என்று நாம் நினைப்பதெல்லாம் விருப்பமாகிவிடாது. நண்பன் சேர்ந்தான் என்பதும், திரைப்படத்தில் கண்டோம் என்பதும், பள்ளியில் அந்த ஆசிரியரைப் பிடிக்கும் என்பதும் விருப்பம் போலவே தோன்றும். எனவே சில சோதனைகள் தேவை.

ஒன்று, பாடத்தின் பெயரைப் பாராமல் பாடத்திட்டத்தைப் பார்க்க வேண்டும். பி.ஏ. ஆங்கிலம் என்பது ஆங்கிலத்தில் சரளமாகப் பேசக் கற்பிக்கும் வகுப்பன்று. கவிதையும் நாடகமும் நாவலும் திறனாய்வும் அதில் உண்டு. பொருளியலில் புள்ளியியல் உண்டு. புவியியலில் நிலப்படம் வரைதலும் களப்பணியும் உண்டு. இவற்றை அறியாமல் சேர்ந்தவர்களே முதற் பருவத்தில் திகைக்கின்றனர்.

இரண்டு, அப்பாடத்தின் முதலாண்டு நூல் ஒன்றை நூலகத்தில் எடுத்து ஒரு வாரம் படித்துப் பார்க்க வேண்டும். விளங்காத இடத்தில் நூலை மூடிவிடத் தோன்றுகிறதா, மேலும் ஒரு பக்கம் புரட்டத் தோன்றுகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். தேர்வு இல்லாவிட்டாலும் படிப்போம் என்று தோன்றுவதே நல்ல அடையாளம்.

மூன்று, அப்பாடத்தின் சலிப்பூட்டும் பகுதியையும் கேட்டறிய வேண்டும். மூன்றாம் ஆண்டு அண்ணன்மாரும் அக்காமாரும் இதற்கு நல்ல வழிகாட்டிகள். சலிப்பான பகுதியைத் தெரிந்துகொண்ட பின்னும் மனம் விலகவில்லை என்றால் அவ்விருப்பம் உறுதியானது.

சோற்றுக்கு வழி?

"விருப்பம் சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பர். அது நியாயமான கேள்வி. உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரியும் துறைமுகத்தில் சுமை தூக்கியும் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் வீட்டிற்கு மூன்றாண்டுகள் என்பது பெரிய முதலீடு. அதனால்தான் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்கிறோம். விருப்பமற்ற பாடத்தில் சேர்ந்தவன் வகுப்பைத் தவிர்க்கிறான், அரியர் சேர்கிறது, சிலர் இடையிலேயே நின்றுவிடுகின்றனர். வீட்டார் இட்ட முதல் அத்தோடு போயிற்று. மனமுவந்து படித்தவன் எந்தப் பட்டம் பெற்றாலும் அதன் அறிவு அவனிடம் நிற்கும்.

நடைமுறையில் செய்யத்தக்கது இதுதான். நம் மதிப்பெண்ணுக்கும் பள்ளியில் படித்த பிரிவுக்கும் உரிய படிப்புகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுவோம். இதுவே தகுதி வகுக்கும் எல்லை. அந்த எல்லைக்குள் எது முதல், எது இரண்டாவது என்பதைக் கட் ஆஃப் உயர்வை வைத்து எழுதாமல், மேலே கண்ட சோதனைகளை வைத்து எழுதுவோம். பின்னர் அவ்வரிசையில் ஒவ்வொன்றின் எதிரேயும் அது எந்தப் பணிக்கு வழிவிடும் என்பதைக் குறித்துக்கொண்டு வீட்டாரோடு அமர்ந்து பேசுவோம். கலந்தாய்வு நாளில் "எது காலியாக இருக்கிறது, ஐயா?" என்று கேட்டு நிற்கும் நிலை அப்போது வராது.

கிடைத்ததில் சேர்ந்துவிட்டவர்களுக்கும் வழி முற்றாக அடைபடவில்லை. மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கும், குடிமைப் பணித் தேர்வுகளுக்கும், மேலாண்மைப் படிப்புக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதுமானது. வணிகவியல் படித்த மீனவ வீட்டுப் பிள்ளை, மீன் ஏற்றுமதியின் கணக்கையும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் நடைமுறையையும் தன் துறையாக்கிக்கொள்ளலாம். கடலை அறிந்த கணக்கர்களும் இக்கரைக்குத் தேவை. தாம் படிக்கும் பாடத்திற்கும் தம் விருப்பத்திற்கும் இடையே இத்தகைய பாலம் உண்டா என்று தேடுவதே அவர்தம் முதற் பணி.

மாணவ நண்பர்களே! நம்முள் பலர் தத்தம் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள். நமக்கு வழி சொல்ல வீட்டில் எவரும் இருந்திலர். ஆனால் நம் தம்பி தங்கையர்க்கு நாம் இருக்கிறோம். இவ்வாண்டு பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளை நம் தெருவில் ஒன்றேனும் இருக்கும். அப்பிள்ளை குரூப் எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் அமர்ந்து, எந்தப் பிரிவு எந்தப் படிப்புக்கு வழி என்பதை எடுத்துச் சொல்லுவோம், அதன் பின், "உனக்கு எதில் மனம்?" என்றும் கேட்போம்.