சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் காலை அளந்து பாருங்கள்!

"சார், சைக்கிளை வித்துடலாம்னு இருக்கேன்."

கரையான்சாவடியிலிருந்து என் கிளினிக்குக்கு வருகிற ஒருவர் சொன்னது இது. வயது நாற்பத்தாறு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை. நாலு வருஷமாகச் சர்க்கரை. சித்த மருத்துவத்தில் நாங்கள் மதுமேகம் என்போம். அவருடைய ஆங்கில வைத்தியர் சைக்கிள் ஓட்டச் சொல்லியிருக்கிறார். நானும் அதையே சொல்லியிருந்தேன். பையன் ஆசையாக ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். மூன்றே வாரம்! முட்டியின் முன்பக்கம் வலி, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகிறது, உட்காரும் இடத்தில் எரிச்சல்.

"தைலம் ஏதாவது குடுங்க சார்" என்றார்.

தைலம் கொடுப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் இதைக் கேளுங்கள். அவர் சைக்கிளை விற்றுவிட்டால் மறுபடி எதையும் தொடமாட்டார். நடக்கச் சொன்னால் நேரமில்லை என்பார். சர்க்கரை அது பாட்டுக்கு ஏறும். என் அனுபவத்தில், பரணில் ஏறிய சைக்கிள் திரும்ப இறங்குவதில்லை. அதனால், "நாளைக்கு நீங்க மட்டும் வரவேணாம், சைக்கிளையும் ஓட்டிக்கிட்டு வாங்க" என்றேன்.

வந்தது. தடித் தடியாகப் பல் வைத்த டயர், முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க், இருபத்தோரு கியர். மலையில் ஓட்டுகிற சைக்கிள்! பூந்தமல்லியில் மலை எங்கே இருக்கிறது? பரங்கிமலைக்குத்தான் போகவேண்டும். சீட்டோ, அவர் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிகிற அளவுக்குத் தாழ்ந்து கிடந்தது.

"கால் ஊனணும்ல சார், அதான் எறக்கி வச்சிருக்கேன்."

முட்டி வலிக்குக் காரணம் அதுதான்.

நாமெல்லாம் குரங்குப் பெடல் போட்ட தலைமுறை. மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுத்த பெரியவர்கள் சைக்கிளில், பாருக்கு அடியில் காலை விட்டு, உடம்பை வளைத்து நெளித்து ஓட்டியவர்கள். சைக்கிளுக்குத் தகுந்தபடி உடம்பை வளைக்க வேண்டும் என்பது அப்போதே மனதில் பதிந்துவிட்டது. பத்து வயதில் உடம்பு வளையும். ஐம்பதில் வளையுமா?

என்ன வித்தியாசம்?

இன்றைக்குக் கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. அப்பா காலத்தில் கறுப்பு சைக்கிள் ஒன்றுதான். கம்பெனிப் பெயர் மட்டும் மாறும். நம் பக்கத்து அம்பத்தூரில் 1949-ல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் ஓடாத தெரு தமிழ்நாட்டில் இருந்திருக்காது. அந்தக் கறுப்பு சைக்கிளை நான் குறை சொல்லமாட்டேன். முதுகு நிமிர்ந்து உட்காரலாம், செயின் மூடியிருக்கும், வேட்டி மாட்டாது. சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வர இன்றும் அதுவே போதும். ஆனால் இருபது கிலோ கனம், கியர் கிடையாது. தினம் பத்து கிலோமீட்டர் உடற்பயிற்சியாக ஓட்டினால் எதிர்காற்றில் மூச்சு வாங்கும்.

மலை சைக்கிளின் தடித்த டயர், தார் ரோட்டில் நம் பலத்தைத் தின்றுவிடும். ஸ்பிரிங் ஃபோர்க் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் அமுங்கி எழும். அதுவும் நம் உழைப்புதான். ரேஸ் சைக்கிளோ ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், விரல் பருமன் டயர். குனிந்தபடியே தலையைத் தூக்கி ரோட்டைப் பார்க்கவேண்டும். கழுத்து எலும்புத் தேய்வு, அதாவது சகன வாதம் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஹைப்ரிட். ஹேண்டில்பார் நேர்க்கம்பி. சக்கரம் ரேஸ் சைக்கிளின் அதே 700 சி அளவு. டயர் 32 முதல் 42 மில்லிமீட்டர் வரை, பல் இல்லாமல் வழவழப்பாக. கனம் பெரும்பாலும் 12 முதல் 15 கிலோ. முதுகு லேசாகத்தான் சாயும். மழைக்குப் பிறகு நம் ரோடு என்ன கதியாகிறது என்று உங்களுக்கே தெரியும். அதற்கு 35-க்குக் குறையாத டயர் இருந்தால் நல்லது.

கம்பெனி பிறகு, அளவு முதலில்

எந்தக் கம்பெனி வாங்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அம்பத்தூர்க்காரர்கள் 2011-ல் கொண்டுவந்த மான்ட்ரா, ஹீரோ சைக்கிள்ஸ் 2015-ல் வாங்கிய ஃபயர்ஃபாக்ஸ், டெகத்லானின் ரிவர்சைட், வெளிநாட்டு டிரெக்கின் எஃப்.எக்ஸ்., ஜெயன்டின் எஸ்கேப் என்று ஹைப்ரிட்டில் பெயர்கள் நீளும். பத்துப் பதினைந்தாயிரத்தில் தொடங்கி ஐம்பதாயிரத்தைத் தாண்டியும் விலை போகும். உங்களுக்குப் பொருந்தாத ஐம்பதாயிரம் ரூபாய் சைக்கிளைவிடப் பொருந்துகிற பதினைந்தாயிரம் ரூபாய் சைக்கிள் உசத்தி.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். முதல் ஹைப்ரிட் வாங்கியபோது என் உயரத்துக்கு எம் அளவு தேவை. கடையில் எல் மட்டும்தான் இருந்தது. "இதுவே சரியா இருக்கும் சார், சீட்டை இறக்கிக்கலாம், தள்ளுபடி வேற இருக்கு" என்றார்கள். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்துவிட்டு, ஊருக்கெல்லாம் மூட்டைப் பற்றிப் புத்தி சொல்கிற நான் தள்ளுபடிக்கு மயங்கிவிட்டேன்! சீட்டை இறக்கலாம், ஹேண்டில்பாரை அருகே இழுக்க முடியுமா? எட்டிப் பிடித்தே ஓட்டினேன். ஒரே மாதத்தில் தோள்பட்டை இறுகிவிட்டது. பாதி விலைக்கு விற்றேன்.

கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அப்படி மேலே அழுத்திப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இது உங்கள் உள்கால் அளவு. இதை 0.883-ஆல் பெருக்குங்கள். 78 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 69 வரும். பெடல் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பாகம் வரை இந்த உயரம் இருக்கவேண்டும்.

கணக்குப் பிடிக்காதவர்களுக்குச் சுலபவழி இருக்கிறது. ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீளவேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சரியக்கூடாது. பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரி. சீட் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டிச் சில்லு அழுந்தும். வலி முன்பக்கம் வரும். சீட் அதிக உயரமானால் முட்டியின் பின்பக்கம் இழுக்கும். எங்கே வலிக்கிறது என்று கவனித்தாலே பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

அப்போ கால் எப்படி ஊன்றுவது? சைக்கிளை நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நின்றுகொள்ள வேண்டும். அதற்காகத்தான் ஃபிரேம் அளவு. பாரின் இருபுறமும் காலூன்றி நின்றால் தொடைக்கும் பாருக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ஒரு அளவு சின்னதாகக் கேளுங்கள். குறைந்த விலையில் ஒரே அளவாக வருகிற சைக்கிள்கள் உண்டு. நடுத்தர உயரக்காரர்களுக்குத் தப்பிக்கும், மற்றவர்களுக்கு வம்பு. பெண்கள் பார் தாழ்ந்த ஃபிரேமைக் கேட்டு வாங்குங்கள். ஹைப்ரிட்டில் செயின் மூடி பெரும்பாலும் இருக்காது, துப்பட்டா ஜாக்கிரதை!

எதற்குச் செலவு செய்யலாம்?

ஸ்பிரிங் ஃபோர்க் வேண்டாம் என்பது என் கட்சி. விலை குறைந்த சைக்கிளில் வருவது கனத்தைத்தான் கூட்டும். அந்தக் காசில் நல்ல டயர் கிடைக்கும். கியர்? சமதளமான ஊரில் பின்னால் ஏழோ எட்டோ, முன்னால் ஒன்று இருந்தால் தாராளம். இருபத்தொன்று இருக்கிறதே என்று பூரிக்காதீர்கள், பாதியைத் தொடவே மாட்டீர்கள். ஆனால் இருக்கிற கியரைப் பயன்படுத்துங்கள். கனமான கியரில் அழுத்தி மிதிப்பது முட்டிக்குப் பகை. எங்கள் வைத்தியத்தில் அழல் கீல்வாயு என்கிற முட்டித் தேய்வு உள்ளவர்கள், லேசான கியரில் நிமிஷத்துக்கு அறுபது எழுபது சுற்று கால் சுழலும்படி ஓட்டுங்கள்.

பிரேக் டிஸ்க்கா, ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கிற வி-பிரேக்கா என்று கேட்டால், மழையில் டிஸ்க் நன்றாகப் பிடிக்கும். வி-பிரேக்கைத் தெருமுனைக் கடையிலேயே சரிசெய்துவிடலாம். இரண்டும் சம்மதமே.

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லமாட்டார்கள். சில ஹைப்ரிட்களில் டியூப் வால்வு பென்சில் முனை மாதிரி ஒல்லியாக இருக்கும். பிரெஸ்டா என்று பெயர். நம் பஞ்சர் கடைப் பம்பு அதற்குச் சேராது. நசரத்பேட்டைத் தாண்டிக் காற்று இறங்கினால் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும்! அதற்கென்று சின்னத் திருகு ஒன்று கிடைக்கிறது, சொற்ப விலைதான். வாங்கும்போதே கேட்டு, பையில் போட்டுவிடுங்கள்.

மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர், லைட், மணி எல்லாம் பல மாடல்களில் தனிக்காசு. பட்ஜெட்டில் அதற்கும், தலைக்கவசத்துக்கும் ஒதுக்குங்கள். மட்கார்டு இல்லாமல் ஐப்பசியில் ஓட்டிப் பாருங்கள், சட்டை முதுகில் கோலம் போட்டிருக்கும். டிரங்க் ரோட்டில் மெட்ரோ தூண்களுக்குப் பக்கத்தில் கன்டெய்னர் லாரிகளோடு போட்டி வேண்டாம். விடியற்காலை, உள்ரோடு, பின்னால் சிவப்பு விளக்கு.

அந்த இடத்துப் பயம்

என்னிடம் தனியாக, கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சைக்கிள் ஓட்டினா ஆண்மை போயிடுமா டாக்டர்?"

சைக்கிள் ஓட்டுவதாலேயே போய்விடாது. ஆனால் மரத்துப்போவதை அலட்சியம் செய்யாதீர்கள். நாங்கள் மூலாதாரம் என்கிற இடத்தில், ஆசனவாய்க்கும் குறிக்கும் நடுவே, நரம்பும் ரத்தக்குழாயும் போகின்றன. உடம்பின் பாரம் பிட்டத்தின் இரண்டு எலும்பு முனைகளில் இறங்கவேண்டும். சீட்டின் மூக்கு நடுவில் அழுத்தக்கூடாது. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களுக்கு மூக்கில்லாத சீட் கொடுத்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். 2008-ல் வெளியான அந்த ஆய்வில், அந்த இடம் மரக்கவில்லை என்றவர்கள் 27 சதவீதத்திலிருந்து 82 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள்.

நீங்கள் மூக்கில்லாத சீட்டைத் தேடி அலையவேண்டியதில்லை. சீட் தரைக்கு மட்டமாக இருக்கட்டும். மூக்கு மேலே தூக்கியிருக்கக் கூடாது. மெத்தை மாதிரி அமுங்குகிற சீட் சுகமாகத் தெரியும், அரைமணியில் எலும்பு உள்ளே புதைந்து நடுப்பகுதியை அழுத்தும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள். அப்படியும் மரத்துப்போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, சீட்டை மாற்றுங்கள். மூலம் வெளித்தள்ளி ரத்தம் போகிற நாட்களில் ஓட்டவே வேண்டாம்.

கை மரப்பது வேறு. நேர்க்கம்பி ஹேண்டில்பாரில் பிடி ஒரே இடம்தான், அதுதான் அதன் குறை. உள்ளங்கையின் சுண்டு விரல் பக்கத்து நரம்பு அழுந்தும். மணிக்கட்டு மடங்காமல், முழங்கை லேசாகத் தளர்ந்து இருக்கட்டும். கம்பியின் இரு முனையிலும் பொருத்தும் சின்னக் கொம்புகள் விற்கின்றன; பிடியை மாற்றிக்கொள்ளலாம்.

சர்க்கரைக்காரர்களுக்கு முக்கியமாக ஒன்று. சைக்கிள் ஓட்ட ஆரம்பித்துவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். என் சூரணத்தை நம்பியும் நிறுத்தாதீர்கள்! இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பக்கூடாது. பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் இறங்கிச் சாப்பிடுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்போடு ஓட்டாமல் ஷூ போடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் சீட்டில் ஏறவேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உழைப்பு; தினம் அரைமணி, வாரம் ஐந்து நாள் ஓட்டினால் கணக்குச் சரி. மாதவிலக்கு நின்ற பெண்களுக்குச் சைக்கிள் மட்டும் போதாது. அதில் எலும்பு பாரம் தாங்குவதில்லை. கூடவே நடையும் வேண்டும்.

சரி, கரையான்சாவடிக்காரர் கதை? புது ஹைப்ரிட் வாங்கச் சொல்லவில்லை. பையன் இ.எம்.ஐ.யில் வாங்கியது, இன்னும் கடன் முடியவில்லையாம். ஃபிரேம் அளவு நல்லவேளையாக அவருக்குப் பொருந்தியே இருந்தது. சீட்டை என் வாசலிலேயே நாலு விரல் உயர்த்தினேன். மூக்கை மட்டமாக்கினோம். பல் டயரைக் கழற்றிவிட்டு, அதே ரிம்முக்குச் சேருகிற ஒல்லியான வழவழ டயர் போடச் சொன்னேன். முட்டிக்கு வாதகேசரித் தைலமும் கொடுத்தேன். பத்து நாள் ஓய்வு. பிறகு லேசான கியரில் பதினைந்து நிமிஷம்.

முதல் நாள் கால் எட்டவில்லை என்று பயந்து இரண்டு விரல் இறக்கிக்கொண்டாராம். வலி எட்டிப் பார்த்ததும் அவரே மறுபடி ஏற்றிவிட்டார். ஆறாவது வாரம் வந்தபோது முட்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை செம்பரம்பாக்கம் ஏரி வரை போய் வந்தாராம். கை மரப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கொம்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.