நெஞ்சு எக்ஸ்ரேயில் தெரியும் 'நிழல்': டிபியா, கேன்சரா? டாக்டர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்?

"ஒரு மாசமா இருமல். எக்ஸ்ரேல ஏதோ நிழல் தெரியுதாம்." இப்படி ஒருவர் சொன்னதும் வீட்டில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ஒன்று, 'கேன்சரா இருக்குமோ' என்ற பயம். இன்னொன்று, 'டிபியாத்தான் இருக்கும், மாத்திரை சாப்பிட்டா சரியாகிடும்' என்ற சமாதானம். இரண்டுமே தப்பாகப் போகலாம்.

நெஞ்சில் ஆபரேஷன் என்றாலே கேன்சரா?

இல்லை. உலக டிபி நோயாளிகளில் ஏறக்குறைய 4-ல் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். அதனால் இங்கே நெஞ்சு ஆபரேஷனுக்கு வருபவர்களில் கணிசமானோருக்கு பிரச்னை கட்டியே அல்ல. தொற்று, அல்லது தொற்று விட்டுப்போன சேதம். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டுவது அதில் முக்கியமானது. நாள்பட்டால் அந்தச் சீழ் தடித்த தோல் மாதிரி ஆகி, நுரையீரலை விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதை உரித்தெடுத்தால்தான் நோயாளியால் முழுசாக மூச்சு இழுக்க முடியும்.

டிபி குணமான பிறகும் கதை முடியாமல் போகலாம். நோய் விட்டுச்சென்ற குழிக்குள் பூஞ்சை உருண்டையாக வளர்ந்து, ஒருநாள் திடீரென இருமலோடு ரத்தம் கொட்டும். பார்க்க கேன்சர் மாதிரியே இருக்கும், ஆனால் கேன்சர் இல்லை. நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை நம் உடலுக்குள் போனாலும் நுரையீரலில் நீர்க்கட்டி வரும்!

அப்போ சிக்கல் எங்கே?

இருமல், எடை குறைவது, சளியில் ரத்தம். டிபிக்கும் நுரையீரல் கேன்சருக்கும் இவை பொது. எக்ஸ்ரேயை மட்டும் வைத்து டிபி மாத்திரை தொடங்கிவிட்டால், வழக்கமான கோர்ஸே 6 மாதம். உள்ளே இருப்பது கேன்சர் என்றால் அந்த மாதங்களில் அது பரவிவிடும். நுரையீரல் கேன்சருக்கு ஆபரேஷன் பெரும்பாலும் ஆரம்ப நிலைகளில்தான் கைகொடுக்கும். இந்தியாவில் பெரும்பாலானோர் அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். 'நான் சிகரெட்டே தொட்டதில்லையே' என்பதும் உத்தரவாதம் இல்லை. புகைக்காதவர்களுக்கும் இது வருகிறது.

எதை வைத்து உறுதி செய்வது?

சளியில் டிபி கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதில் தெளிவு இல்லை என்றால் சிடி ஸ்கேன், பிறகு பயாப்சி. ஊசி மூலமாகவோ, மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டோ துளி சதை எடுப்பார்கள். அதிலும் பிடிபடாவிட்டால், ஆபரேஷன் நடக்கும்போதே சதைத் துண்டை உறையவைத்து லேபில் பார்த்துச் சொல்வார்கள். நுரையீரலில் எவ்வளவு எடுப்பது என்பதை சர்ஜன் அதை வைத்து முடிவு செய்வார்.

"பயாப்சி பண்ணா கேன்சர் பரவிடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டுத் தள்ளிப்போடாதீங்க. இந்தப் பயத்தால் வீணாகும் நாட்கள்தான் அதிகம்.

ஏற்கெனவே டிபி மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நீங்களாக நிறுத்த வேண்டாம். "சளியில் கிருமி இருக்குன்னு டெஸ்ட்ல வந்திருக்கா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். சில வாரங்கள் ஆகியும் எடை ஏறவில்லை, நிழல் சுருங்கவில்லை என்றால் மறுபடியும் கேளுங்கள். போகும்போது பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். 2 வருஷத்துக்கு முந்தைய படத்திலும் அதே நிழல் அதே அளவில் இருந்தால், அது கேன்சராக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.